அருவிக்கரை எண்ணெய்க் கடைக்காரர்

குற்றாலத்தில் சீசன் நாளில் பேரருவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு யாரும் யாரோடும் பேச முடியாது. உங்களுக்குத் தெரியாததா? நம் வயசுக்காரிகள் எத்தனை வருசம் அங்கே தலை நனைத்திருக்கிறோம். பக்கத்தில் நிற்கிறவளுக்கு வாய் அசையும், சத்தம் வராது. "என்னட்டி?" என்று நாம் கேட்பது நமக்கே கேட்காது.

அருவிக்கரைக் கடைக்காரர்களுக்கு அது பழகிப்போன விஷயம். வியாபாரம் முழுக்கக் கையால்தான். நான் சொல்லப்போகிற கடை ஓர் எண்ணெய்க் கடை. ஓலைக் கூரை போட்டது. சாரல் வந்து பலகையை நனைக்கிற தூரத்தில் இருந்தது. கடைக்காரருக்கு அப்போது ஐம்பது வயசு இருக்கலாம். கறுத்து ஒல்லியான மனிதர். மேல்சட்டை போட்டு நான் பார்த்ததில்லை, தோளில் ஒரு பிசுக்கேறிய துண்டு மட்டும். அவரிடம் நல்லெண்ணெய் வேண்டுமென்றால் இரண்டு விரலால் எள்ளைத் தேய்ப்பதுபோல் தேய்க்க வேண்டும். தேங்காய் எண்ணெய்க்கு உள்ளங்கையைக் குழித்துக் காட்ட வேண்டும். சீயக்காய்ப் பொடிக்குக் கண்ணை இறுக்கி மூட வேண்டும். விளக்கெண்ணெய் என்றால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளிக்க வேண்டும்.

அந்த விளக்கெண்ணெய்ச் சைகையைப் பார்த்து என் அம்மா சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து அப்போது ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது.

நானும் அம்மாவும் கொழும்பிலிருந்து வந்திருந்தோம். அப்பாவுக்குப் பூர்வீகம் தென்காசி. கொழும்பில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அம்மா பிறந்து வளர்ந்ததே அங்கேதான். இந்தக் கரையை அவள் அதுவரை கண்ணால் கண்டதில்லை. நீங்களெல்லாம் சொந்த ஊர் என்று சொல்லுகிற இது அவளுக்கு வெளிநாடு. ஒன்பது வயசான எனக்கும் அப்படித்தான். கப்பலில் வந்து தனுஷ்கோடியில் இறங்கினோம். சுங்கத்தில் பெட்டியைக் கிளறினார்கள். பிறகு ரயிலேறி மதுரை வழியாகத் தென்காசி வந்து சேர்ந்தோம். அப்பாவின் கடையில் வேலை பார்த்த ஒரு பெரியவர் கூட வந்து எங்களை அத்தை வீட்டில் விட்டுவிட்டு மறுநாளே திரும்பிவிட்டார். அத்தை அப்பாவுக்கு அக்கா. புருசனை இழந்தவள், பிள்ளையும் கிடையாது.

வந்த காரணம் இதுதான். முந்தின மழைக்காலத்தில் அம்மாவுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. இருபது நாள் கிடந்து பிழைத்தாள். எழுந்த பிறகு ஆள் வேறாகிவிட்டாள். கூப்பிட்டால் வரமாட்டாள். ஒன்று கேட்டால் வேறொன்று சொல்வாள். பின்னாலிருந்து தொட்டால் அலறுவாள். "தலைக்குள்ள தண்ணி விழுது, பகலும் ராத்திரியும் விழுது" என்று அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுவாள். அப்பா அதை அப்படியே அக்காவுக்கு எழுதிப் போட்டார். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அவர்களையே பதிலும் எழுதச் சொன்னாளாம்: "தலைக்குள்ள அருவி விழுதுன்னா சொல்லுதா? அப்ப அருவிதாம்பா கூப்பிடுது. ஒடனே அனுப்பி வை. ஒரு மண்டலம் தலையில தண்ணி வாங்குனா தெளிஞ்சிரும்."

புத்தி தடுமாறினவர்களைக் கொண்டுவந்து அருவியில் நிறுத்துகிற வழக்கம் உங்களுக்குப் புதிதில்லை. அத்தை கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். எங்களுக்காக அவள் காலைச் சோற்றை விட்டு விரதம் இருந்தாள். விடிவதற்குள் ஒற்றை மாட்டு வண்டி பிடித்து எங்களைக் குற்றாலத்துக்கு ஏற்றிக்கொண்டு போவாள். கடையில் எண்ணெய் வாங்கி அம்மா உச்சியில் வைத்துத் தேய்ப்பாள். அப்புறம் அருவிக்கரையில் நோயாளிப் பெண்களைப் பிடித்துக் குளிப்பாட்டுகிற ஒருத்தி வந்து அம்மாவின் இரண்டு தோளையும் பிடித்துத் தண்ணீருக்குக் கீழே நிறுத்துவாள். அம்மா முதல் நாள் திமிறினாள். இரண்டாம் நாளிலிருந்து அசையாமல் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். முகத்தில் அப்படியொரு அமைதி. எனக்கு அது பயமாக இருக்கும். எதனால் அந்த அமைதி என்று இன்றைக்குத் தெரிகிறது. வெளியே விழுகிற தண்ணீரும் உள்ளே விழுகிற தண்ணீரும் அங்கே ஒன்றாகிப்போயின.

குளித்து முடித்ததும் அம்மா நடுங்குவாள். முதல் வாரத்திலேயே அதைக் கவனித்துவிட்டு அந்தக் கடைக்காரர் எங்களைக் கடைக்குள் வரச்சொல்லிக் கை காட்டினார். காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அம்மாவை உட்காரச் சொன்னார். தனக்கு வைத்திருந்த சுக்குக் காப்பியை இரண்டு பித்தளைத் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். அத்தை கோயிலுக்குப் போய்விட்டு வரும்வரை தினமும் அங்கேதான் இருப்போம். உள்ளங்கையைக் கப்பல் மாதிரி ஆட்டிக்காட்டி, கடலில் வந்தீர்களா என்று கேட்டார். அம்மா தலையாட்டினாள். எப்படி இருந்தது என்று புருவத்தை உயர்த்தினார். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவருடைய விளக்கெண்ணெய் முகத்தைச் செய்து காட்டினாள். மனிதர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

நாலைந்து நாளில் அம்மா பலகைக்கு அந்தப் பக்கம் நின்று எண்ணெய் அளந்து ஊற்ற ஆரம்பித்துவிட்டாள். யார் வந்து எந்தச் சைகை செய்தாலும் அவளுக்குத்தான் முதலில் புரியும். அத்தை வந்து பார்த்துவிட்டு மலையைப் பார்த்துக் கும்பிடுவாள். வண்டியில் வரும்போது என்னிடம் சொல்வாள்: "பாத்தியாட்டி? தண்ணி பட்ட ஒடனே எப்படித் தெளிஞ்சி நிக்கா பாத்தியா?"

தென்காசி வீட்டுக்கு வந்து ஒரு நாழிகை ஆகாது, பழைய கதைதான். அடுக்களையில் பால் பொங்கி வழியும், அம்மா அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "உப்பு எங்க?" என்று அத்தை கேட்டால் "ஆமா மதினி, வெயில்தான்" என்பாள். அத்தை நெற்றியில் அடித்துக்கொள்வாள். "எறங்கிட்டு. தண்ணியோட வேகம் எறங்கிட்டு. மதியமும் ஒரு தடவ கொண்டுபோவணும் போல."

எனக்கு இதில் ஒரு சிரமமும் இருந்ததில்லை. அம்மாவிடம் ஒன்று சொல்ல வேண்டுமென்றால் அவள் மணிக்கட்டை இரண்டு தடவை தட்டுவேன். அவள் திரும்பி என் வாயைப் பார்ப்பாள். வெளிச்சம் என் முகத்தில் விழுகிற மாதிரி நின்று மெதுவாகச் சொல்வேன். காய்ச்சலுக்குப் பிறகு எங்களுக்குள் தானாக வந்த பழக்கம் அது. ஏன் அப்படிச் செய்கிறேன் என்று நான் யோசித்ததுமில்லை, யாரும் என்னைக் கேட்டதுமில்லை.

தெருப் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் கவுன் போட்டுச் செருப்புப் போட்டு நடப்பேன். ரொட்டியைப் பாண் என்பேன், பேசுவதைக் கதைப்பது என்பேன். "ஏட்டி கொழும்பு, பாண் தின்னுக்கிட்டே கதைப்பமா?" என்று எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி தினம் கேட்பாள், மற்றவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அம்மா விஷயத்தில் அவர்கள் வாயைத் திறக்கவில்லை. புத்தி சரியில்லாதவள் என்றால் பிள்ளைகளுக்குப் பயம். அவள் மகள் என்பதால் என்னிடமும் கொஞ்சம் பயம். அந்தத் தெருவுக்கு மோர் கொண்டுவருகிற அம்மாள் ஒருத்திக்குக் காது கேட்காது. அவளைப் பிள்ளைகள் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. பின்னாலேயே போவார்கள். வாயை மட்டும் அசைத்து அவளைப் பேசவைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்த எதிர்வீட்டுப் பெண்தான் அதில் முதல் ஆள். நானும் ஒரு தடவை கூடப் போய்ச் சிரித்திருக்கிறேன்.

ஆடி கடைசியில் ஒரு வாரம் மலையில் மழை இல்லை. அருவி மெலிந்து பாறை தெரிய ஆரம்பித்தது. சத்தமும் குறைந்துவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் வாய் திறந்து பேசினார்கள். "அரை உழக்கு நல்லெண்ண தாரும்" என்றார்கள். பக்கத்துக் கடைக்காரர் இங்கிருந்தே அங்கே கூப்பிட்டு வம்பு பேசினார். அம்மா மட்டும் கையால்தான் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டு விரலைத் தேய்த்துக் காட்டி, நல்லெண்ணெயா என்று கேட்டாள். வந்தவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

கடைக்காரர் அன்று முழுக்க அவளைப் பார்த்தபடியே இருந்தார். அவளுக்குப் பின்னால் நின்று, "கொழும்பம்மா, அந்தக் கரண்டியை எடுங்க" என்றார். அம்மா திரும்பவில்லை. நான் போய் மணிக்கட்டில் தட்டிச் சொன்னேன், எடுத்துக் கொடுத்தாள். அவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தாயி, அம்மைக்குக் காது எப்பயிருந்து கேக்கல?"

ஒருவர் வாயால் அதைக் கேட்ட பிறகுதான் எனக்கே அது தெரிந்தது. அழுகை வந்துவிட்டது.

"அழாத. இதுக்கு எதுக்கு அழுவுத? காது போனதுக்குத் தண்ணியில நிறுத்துனா என்ன வரும்? நான் வந்து ஒங்க அத்தைட்ட சொல்லுதேன்."

சொன்னபடியே வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டி. அன்றைக்குத்தான் மண்டலம் முடிந்திருந்தது. ஒரு பயனும் இல்லையே என்று அத்தை இடிந்துபோய் இருந்தாள். குற்றாலத்துக்குப் போகிற வழியில் இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்க்கிற ஒரு சுற்றுச்சுவர் வீடு இருந்தது. அங்கே விடுவதென்று பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். கடைக்காரர் வாசலிலேயே நின்றார். தோள் துண்டு இடுப்புக்கு வந்திருந்தது.

"ஆச்சி, நான் சொல்லுதேன்னு கோவப்படாதீங்க. ஒங்க தம்பி பெஞ்சாதிக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு. காதுதான் போயிட்டு."

"நீரு எண்ண விக்க வந்தீரா, வைத்தியம் பாக்க வந்தீரா?"

"ஏழு வாரமா பாக்கேன் ஆச்சி. அங்கன எல்லாருக்கும் காது அடச்சிருது, அதனால வித்தியாசம் தெரியல. இங்கனதான் தெரியும்."

"ஏழு வாரமா கூட வச்சுச் சோறு போடுதவ நான். எனக்குத் தெரியாததை நீரு கண்டீராக்கும்! செவிடுன்னா தலைக்குள்ள தண்ணி விழுதுன்னு ஏன் சொல்லுதா? செவிடிக்கு எதுவுமே கேக்காதுல்லா?"

காது போனவர்களுக்கும் உள்ளே ஓர் இரைச்சல் ஓயாமல் கேட்கும் என்பது அன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியாது. அம்மா வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துவரம்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் அத்தையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சுவரோரம் இருந்த பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துத் தரையில் போட்டார். வீடே அதிர்ந்தது. நான் தூக்கிப்போட்டதுபோல் குதித்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள், பார்த்துவிட்டு உடனே பின்னால் திரும்பினாள்.

"திரும்பிட்டாளே! பாத்தீரா, திரும்பிட்டாளே!" என்றாள் அத்தை.

"அது பிள்ளையப் பாத்துத் திரும்புதாங்க ஆச்சி." அவர் என்னிடம் வந்து குனிந்தார். "நீ சொல்லு தாயி. ஒனக்குத்தான் தெரியும். அம்மைக்குக் காது கேக்குமா?"

தாம்பாளம் விழுந்த சத்தத்துக்குத் தெருப் பிள்ளைகள் நாலு பேர் ஓடிவந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் அந்த எதிர்வீட்டுப் பெண். என்னையே பார்க்கிறாள். அவள் உதடு மோர்க்காரியிடம் அசைவதுபோல் இப்போதே அசைய ஆரம்பித்துவிட்ட மாதிரி எனக்குத் தோன்றியது.

"சொல்லேட்டி," என்றாள் அத்தை.

"கேக்கும்," என்றேன். "நல்லாக் கேக்கும்."

சொல்லிவிட்டு அம்மா பக்கம் திரும்பினேன். அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் என் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. எங்கள் பழக்கப்படியே, மெதுவாகவும் தெளிவாகவும் சொல்லியிருந்தேன்.

அம்மா திரும்பவும் பருப்பைப் பொறுக்க ஆரம்பித்தாள். தனக்குக் கேட்காது என்று அவளே ஏன் சொல்லவில்லை என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மகள் அப்படித்தான் விரும்புகிறாள் என்று விட்டுக்கொடுத்தாளோ என்னவோ. கடைக்காரர் என்னை ஒரு நிமிசம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைத் தேடித் தேடிப் பார்த்திருக்கிறேன், எத்தனையோ வருசமாக. கோபம் இல்லை. வாசலில் நின்ற பிள்ளைகளையும் ஒருமுறை பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். "சரி ஆச்சி, வாரேன்" என்று போய்விட்டார்.

அடுத்த திங்கட்கிழமை அம்மாவை அந்தச் சுற்றுச்சுவர் வீட்டில் கொண்டுபோய் விட்டாள் அத்தை. நான் அழுதேன். ஆனால் அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. ஒருமுறை சொல்லிவிட்டால் அதையே காப்பாற்ற வேண்டியிருக்கிறது, உங்களுக்கும் தெரியுமே.

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். சந்தை நாளில் கடைக்காரர் தென்காசிக்கு வருவார். பள்ளிக்கூட வேலியோரம் வந்து நிற்பார். பக்கத்தில் வந்து பேசமாட்டார். தூரத்தில் இருந்தே கையால் சொல்வார். அம்மா சாப்பிட்டாள். தலை பின்னினாயா என்று அம்மா கேட்டாள். அந்த வீட்டிலிருந்து காலையில் எல்லாரையும் வரிசையாக அருவிக்கு நடத்திக்கொண்டு வருவார்களாம். கடையைத் தாண்டும்போது அம்மா கையில் தானே எண்ணெய் ஊற்றுவாராம், அந்த ஒரு நொடியில் அவள் கேட்டதை எனக்குக் கொண்டுவருவார். கூடப் படிக்கிற பிள்ளைகள் பார்க்கிறார்களா என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பதிலுக்குக் கையை அசைப்பேன். ஒரு தடவை வேலி வரை வந்து, அப்பாவின் விலாசம் வேண்டும் என்றார். அத்தையின் பெட்டியிலிருந்து கொழும்புக் கடித உறை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அது ஒன்றுதான் நான் செய்தது. ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவர் கேட்பார் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவேயில்லை.

கடிதம் போய்ச் சேர்ந்து, பிரயாணக் காகிதங்கள் எல்லாம் கிடைத்து அப்பா வந்து இறங்க ஐப்பசி ஆகிவிட்டது. வந்த கையோடு போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கை மெலிந்து வளையல் நிற்கவில்லை. அதெல்லாம்கூடத் தேறிவிடும். ஆனால் நான் ஓடிப்போய் அவள் மணிக்கட்டில் இரண்டு தட்டுத் தட்டினேன். கையைப் பார்த்தாள். என் நெற்றியைப் பார்த்தாள், என் பின்னலைப் பார்த்தாள், தடவிக் கொடுத்தாள். என் வாயைப் பார்க்கவில்லை. அப்பா பேசினால் அவர் வாயைப் பார்த்தாள். அத்தை வாயைக்கூடப் பார்த்தாள்.

மறுநாள் அப்பா எங்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு அந்த எண்ணெய்க் கடைக்குப் போனார். நன்றி சொல்லத்தான் போனார். ஐப்பசி மழை இன்னும் பிடிக்கவில்லை, அருவி நூலாக விழுந்துகொண்டிருந்தது. ஒருவர் பேசுவது இன்னொருவருக்கு நன்றாகக் கேட்டது. நன்றி சொல்ல ஆரம்பித்த அப்பாவுக்கு அம்மாவின் தலையைப் பார்த்ததும் ஆத்திரம் பொங்கிவிட்டது.

"ஆடியிலேயே ஒமக்குத் தெரியும்னு எழுதியிருக்கீரு. எனக்குக் கடிதாசி போடத் தெரிஞ்ச மனுசனுக்கு, மூணு மைல்ல இருக்க எங்க அக்காட்ட வந்து ஒரு வார்த்த சொல்லத் தெரியலையா? சொல்லியிருந்தா எம் பொண்டாட்டி அந்த வீட்டுக்குள்ள கெடந்திருப்பாளாவே?"

அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மலையைப் பார்த்தாள். நான் கடைக்காரரைப் பார்த்தேன். இதோ சொல்லப்போகிறார் என்று அப்பாவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

அவர் இடுப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தப்புதான் ஐயா. எனக்குப் புத்தி பிந்தித்தான் வந்துது. வந்து சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்லா?"

"ஆமா ஐயா. சொல்லியிருக்கணும்."

அவ்வளவுதான். அம்மாவின் உள்ளங்கையில் கொஞ்சம் நல்லெண்ணெய் ஊற்றினார். அவள் அதை என் தலையில் தேய்த்துவிட்டாள். அத்தையும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பத்து நாளில் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனார். வருசம் முடியட்டும், படிப்பு கெடவேண்டாம் என்று என்னை இங்கேயே விட்டுவிட்டுப் போனார். அப்புறம் பிரயாணக் காகிதம் கிடைக்கவில்லை, அப்புறம் படிப்பை நிறுத்தினார்கள், அப்புறம் கல்யாணம். கல்யாணமான வருசம் ஆடியில் என்னை அருவிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கடைக்காரர் கிழவராகியிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு, கப்பலைக் காட்டி, புருவத்தை உயர்த்தினார். அம்மா சௌக்கியம் என்று காட்டினேன். தலையாட்டினார். அவரிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. தண்ணீர் பாறை தெரியாமல் விழுந்துகொண்டிருந்தது. அதைச் சொல்ல எனக்கு ஒரு சைகையும் தெரியவில்லை. புருசன் வீட்டார் கூப்பிட்டார்கள், போய்விட்டேன். அடுத்த சீசனில் கடை மட்டும்தான் இருந்தது, அவர் இல்லை.

அம்மா கொழும்பிலேயே போய்ச் சேர்ந்தாள். அப்பா ஒரே ஒரு தடவை இங்கே வந்தார். என் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு, "எல்லாம் சரி, அந்த எண்ணெய்க் கடைக்காரன் மட்டும் ஒரு வார்த்த முன்னாடியே வந்து சொல்லியிருந்தா..." என்றார். நான் அவருக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். ஆற்றி முடித்துக் கையில் கொடுத்தேன். அவரும் அதே நினைப்போடு கண்ணை மூடிவிட்டார். அத்தையும் போய்விட்டாள்.

நான் யாரிடமும் எதற்கும் தலைகுனிந்தவள் இல்லை. உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு இதை எழுதுவதற்குக் காரணம் ஒன்றுதான். அன்று அந்த வீட்டில் இருந்தவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம். அவர் வரவில்லை என்கிற பேச்சு எனக்குப் பிறகும் நின்றுவிடக் கூடாது. அவர் வந்தார். மூன்று மைல் நடந்து வந்தார். அத்தையிடம் சொன்னார், என்னிடம் கேட்டார். அவர் சொன்னது நிஜம். நான் சொன்னது பொய்.